யார் அடித்த வெள்ளி?

1718ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜெரமையா டம்மர் என்ற வெள்ளி வேலைக்காரர் தம் 72ஆம் வயதில் காலமானார். அந்த மண்ணில் பிறந்து, அங்கேயே தொழில் பழகி, அங்கேயே பட்டறை வைத்த முதல் வெள்ளி வேலைக்காரர் என்று வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுகிறார்கள். அவர் பெயரையே வைத்திருந்த மகன் அப்போது லண்டனில் இருந்தார். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் குடியேற்றங்களின் சார்பில் பேசுகிற முகவர் வேலை. கனெக்டிகட்டில் தட்டுத்தடுமாறி நடந்துகொண்டிருந்த சிறிய கல்லூரி ஒன்றுக்கு உதவும்படி ஒரு பெரும் பணக்காரரை அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பணக்காரர் எலைஹு யேல். 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக உட்கார்ந்திருந்தவர்.

யேல் கடைசியில் இசைந்தார். ஒன்பது பொதிச் சரக்கு, 417 புத்தகங்கள், அரசர் முதலாம் ஜார்ஜின் ஓவியம் ஆகியவை கப்பலேறின. மஸ்லின், காலிகோ போன்ற இந்தியத் துணிகள் அந்தப் பொதிகளில் இருந்தன. சரக்கை விற்றதில் 562 பவுண்டு சேர்ந்தது. கல்லூரிக்கு யேலின் பெயர் வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் சென்னையில் சம்பாதித்த பணம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிந்த செய்தி. அதைக் கேட்டு வாங்கித் தந்தவர் ஒரு வெள்ளிப் பட்டறையில் வளர்ந்த பிள்ளை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாஸ்டனின் வெள்ளியும் சென்னையின் வெள்ளியும் இப்படி ஓரிரு இடங்களில் தொட்டுக்கொள்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம்மூர் ஆசாரிகளைப் பற்றி யாரும் எழுதாமல் விட்ட ஒரு பக்கம் கண்ணில் படும்.

பாஸ்டனைச் சுற்றி வெள்ளிச் சுரங்கம் கிடையாது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு மீனும் மரமும் ஏற்றிப்போன கப்பல்கள் ஸ்பானிய வெள்ளி நாணயங்களோடு திரும்பின. மெக்சிகோவிலும், இன்றைய பொலிவியாவின் பொட்டோசி மலையிலும் வெட்டியெடுத்த வெள்ளி அது. பொட்டோசி மலையில் வெள்ளி கண்டது 1545இல். உலகத்தின் பாதித் துறைமுகங்களுக்கு அதற்குப் பிறகு அந்த வெள்ளிதான் போய்க்கொண்டிருந்தது. நாணயங்களில் ஓரம் வெட்டியவை, எடை குறைந்தவை, கலப்படமானவை எல்லாம் கலந்து வந்ததால், 1652இல் மாசசூசெட்ஸ் நிர்வாகம் ஜான் ஹல் என்பவரிடம் நாணயம் அடிக்கும் பொறுப்பைக் கொடுத்தது. அவரும் கூட்டாளி ராபர்ட் சாண்டர்சனும் அடித்த பைன் மர முத்திரை ஷில்லிங் அங்கே பெயர்பெற்றது. அந்த ஹல்லிடம்தான் 1659இல் டம்மர் சிறுவனாகத் தொழிலுக்குச் சேர்ந்தார்.

கையில் நாணயம் சேர்ந்த குடும்பங்கள் அதைத் தட்டாரிடம் கொண்டுபோய் மூடிபோட்ட பெருங்குவளையாகவும், கரண்டியாகவும், காது வைத்த கஞ்சிக் கிண்ணமாகவும் மாற்றிக்கொண்டன. வங்கி இல்லாத ஊரில் அதற்குக் காரணம் இருந்தது. மூட்டை நாணயம் திருட்டுப் போனால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. பாத்திரத்தில் வீட்டாரின் பெயரெழுத்தும் தட்டாரின் முத்திரையும் இருக்கும். களவுபோன வெள்ளியின் அடையாளத்தைச் சொல்லி, இப்படியொரு பாத்திரம் விற்க வந்தால் பிடித்து வைக்கவும் என்று செய்தித்தாளில் அறிவிப்பு கொடுப்பார்கள். பணமுடை வந்தால் பாத்திரம் திரும்ப உருக்கப்படும். லண்டனில் வெள்ளிப் பொருளைச் சோதித்து முத்திரையிடத் தனி மன்றம் இருந்தது. பாஸ்டனில் அப்படி ஒன்றும் இல்லை. தட்டார் தம் பெயரின் எழுத்துகளைக் குத்துவார், அந்த எழுத்தே மாற்றுக்குச் சாட்சி.

அந்தப் பட்டறை வரிசையில் வந்தவர்தான் பால் ரிவியர். பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் அகதியாகச் சிறுவயதில் பாஸ்டனுக்கு வந்த அவருடைய தகப்பனார், ஜான் கோனி என்ற தட்டாரிடம் தொழில் கற்றவர். மகன் ரிவியரின் பெயரை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் 1775 ஏப்ரலில் இரவோடிரவாகக் குதிரையில் போய், பிரிட்டிஷ் படை வருகிறது என்று எச்சரிக்கை சொன்னவர் என்று படிக்கிறார்கள். தொழிலைப் பார்த்தால், அவர் நாளெல்லாம் சுத்தியல் பிடித்தவர். 1768இல் அவர் அடித்த 'சுதந்திரப் புதல்வர்கள் கிண்ணம்' இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்து எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற மறுத்த 92 சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மரியாதையாகப் 15 பேர் சேர்ந்து செய்யச் சொன்ன கிண்ணம் அது. 1949இல் அருங்காட்சியகம் அதை வாங்கியபோது பள்ளிக் குழந்தைகளும் காசு போட்டார்கள். ரிவியரின் கணக்கேடுகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. யார் எவ்வளவு பழைய வெள்ளி கொண்டுவந்தார், அதற்கு எவ்வளவு வரவு, செய்கூலி எவ்வளவு என்று அவற்றில் தனித்தனியாக எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த நகைப்பட்டறைக்குப் போய்வந்தவருக்கும் இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

சென்னைக் கடற்கரையில் இறங்கிய வெள்ளியும் பெரும்பாலும் அதே அமெரிக்கச் சுரங்கங்களுடையதுதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே துணி வேண்டும். இங்குள்ளவர்களுக்கு அவர்கள் கொண்டுவந்த கம்பளியில் பெரிய ஆசை இல்லை. ஆகவே லண்டனிலிருந்து கப்பல் கப்பலாக வெள்ளி வந்தது. மணிலாவோடு நடந்த வாணிபத்தில் ஸ்பானிய டாலர்கள் நேராகவே சென்னைக்கு வந்து சேர்ந்தன. அந்த வெள்ளி கோட்டை நாணயச்சாலையில் உருகி ரூபாயாகி, தரகர் கையிலிருந்து நெசவாளர் கைக்குப் போனது. நெசவாளர் வீட்டில் மிஞ்சியது தட்டார் பட்டறைக்குப் போனது.

யேல் சென்னையில் விட்டுச்சென்ற வெள்ளியும் உண்டு. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்துக்கு 1687இல் அவர் ஒரு காணிக்கைத் தட்டு கொடுத்தார். 1680இல் அந்த ஆலயத்தில்தான் அவருக்குத் திருமணம் நடந்தது. வீட்டு வெள்ளியை ஆலயத்துக்கு எழுதிவைப்பது பாஸ்டனிலும் வழக்கம். அங்குள்ள பழைய திருச்சபைகளின் திருவிருந்துக் கிண்ணங்களில் பல, யாரோ ஒருவர் வீட்டு மேசையில் இருந்தவை. நம் ஊர்க் கோயில்களில் வெள்ளிக் கவசமும் வெள்ளிக் குடமும் சாத்தி உபயதாரர் பெயரைப் பொறிப்பதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

தமிழ் வீட்டில் வெள்ளிக்கு இருந்த இடம் மட்டும் வேறு. கத்தி, முள்கரண்டி, சூப்புத் தட்டு எல்லாம் இங்கே தேவைப்படவில்லை. சாப்பாடு இலையில், கையால். வெள்ளி வந்ததெல்லாம் மரியாதைக்குரிய இடங்களில்: பன்னீர்ச் சொம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், வெற்றிலைத் தட்டு, சுண்ணாம்புக் கரண்டகம், பூசைக்குப் பஞ்சபாத்திரம். பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கு. பிற்காலத்தில் காபி வந்ததும் வெள்ளி டம்ளரும் டபராவும். பாஸ்டனில் பிள்ளை பிறந்தால் கரண்டியும் கஞ்சிக் கிண்ணமும் கொடுத்தார்கள். இங்கே தாய்மாமன் வீட்டிலிருந்து பால் சங்கும் அரைஞாணும் கொலுசும் வந்தன. இராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியிலும் தளவாய்புரத்திலும் சேத்தூரிலும் கலியாணச் சீர் வைக்கும்போது வெள்ளிக் குத்துவிளக்கும் சிமிழும் சந்தனக் கிண்ணமும் முன்வரிசையில் இருக்கும். எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வெள்ளி என்று ஒன்று இருக்க வேண்டும் என்பது அந்த வட்டாரத்து வீடுகளின் பிடிவாதம்.

செய்யும் முறையில் இரு கரையும் ஏறத்தாழ ஒன்றுதான். வெள்ளியை மூசையில் உருக்கி, வெங்காரம் போட்டு அழுக்கை ஒதுக்கி, அச்சில் ஊற்றிக் கட்டியாக்குவார்கள். கட்டியைத் தட்டித் தகடாக்க வேண்டும். வெள்ளி அடிக்க அடிக்க இறுகும். இறுகிய பிறகும் அடித்தால் வெடிக்கும். அதனால் நாலு சுற்று அடித்ததும் நெருப்பில் காட்டிச் சிவக்கவைத்து, ஆறவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும். ஒரு சொம்பு உருவாவதற்குள் இப்படி எத்தனையோ முறை அடுப்புக்கும் பட்டடைக்கும் போய்வரும். நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி அடித்துத் தகட்டின் ஓரத்தை மேலே ஏற்றுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஓரிடத்தில் அடி கூடினால் தகடு மெலிந்துவிடும். ரிவியரின் பட்டறையும் முதலில் இப்படித்தான் வேலை செய்தது. 1785இல் அவர் தகடு உருட்டும் எந்திரம் வாங்கிய பிறகே, வெட்டி வளைத்துப் பற்றவைத்த தேநீர்ப் பாத்திரங்கள் வேகமாக வரத் தொடங்கின.

சித்திர வேலை என்றால் அரக்கு வேண்டும். குங்கிலியமும் செங்கற்பொடியும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் தகட்டைப் படியவைத்து, பின்புறமிருந்து உளியால் தட்டிப் புடைக்கவைப்பார்கள். பிறகு அரக்கை இளக்கித் தகட்டைத் திருப்பி, முன்புறமிருந்து கண், மூக்கு, கிரீடம், ஆடை மடிப்பு என்று வரைவார்கள். வாய் குறுகிய சொம்பு மாதிரிப் பாத்திரத்துக்குள் உளி போகாது. அங்கே வளைந்த இரும்புக் கம்பியை உள்ளே விட்டு, அதன் வெளிமுனையைத் தட்டினால் உள்முனை துள்ளி உலோகத்தை வெளியே தள்ளும். பாத்திரத்துக்குள் அரக்கை நிரப்பிய பின் மேலிருந்து செதுக்கல். முடிந்ததும் புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுத் துலக்கினால் வெள்ளி தெளியும். தஞ்சாவூர்க் கலைத்தட்டில் இன்றும் இந்த அரக்கு வேலையைப் பார்க்கலாம். இரண்டாம் சரபோஜி காலத்தில் வளர்ந்த அந்தத் தட்டில் பித்தளை அல்லது செம்புத் தளத்தின்மேல் வெள்ளியில் புடைத்த உருவங்களைப் பதிக்கிறார்கள்.

1835 முதல் கம்பெனி ஆண்ட பகுதிகளெங்கும் ஒரே எடையில் ரூபாய் வந்தது. 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தட்டாருக்கு அதுவே எடைக்கல், அதுவே மூலப்பொருள். இத்தனை ரூபாய் எடையில் சொம்பு வேண்டும் என்பார்கள். அத்தனை ரூபாயைக் கொண்டுவந்து தங்கள் எதிரிலேயே உருக்கச் சொல்வார்கள். நாணயத்தின் மாற்று ஊரறிந்தது என்பதால் ஏமாற்று நடக்க இடம் குறைவு. பாஸ்டனில் ஸ்பானிய டாலர் செய்த வேலையைக் கரிசல் காட்டில் ராணி தலை ரூபாய் செய்தது.

இந்தக் கரிசல் காட்டுக்கு வெள்ளி வந்த கதையிலும் அமெரிக்கா குறுக்கிடுகிறது. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. தென்மாநிலத் துறைமுகங்களை வடக்கின் கடற்படை அடைத்தது. லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு நின்றது. லிவர்பூலில் விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. வணிகர்கள் இந்தியப் பஞ்சை நோக்கி ஓடிவந்தார்கள். இராஜபாளையம் உட்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இராமநாதபுரம் மாவட்டம் உருவான 1910 வரை அப்படித்தான். திருநெல்வேலிப் பஞ்சு, தூத்துக்குடி வழியாகக் கடல்தாண்டும் சரக்கு. 1865 வரை நீடித்த அந்தப் போர்க்காலத்தில் பஞ்சுக்கு ஈடாக இந்தியாவுக்குள் வெள்ளி கொட்டியது. சம்சாரிகளுக்கு அதை வைக்க வங்கி இல்லை. தண்டையாகவும் கொலுசாகவும் அரைஞாணாகவும் சொம்பாகவும் ஆக்கி வைத்தார்கள். நூறு வருடத்துக்கு முன் பாஸ்டன் வணிகர் செய்த அதே காரியத்தை அதே காரணத்துக்காகச் செய்தார்கள். லாபத்தில் பெரும்பங்கு தரகர்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் போயிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் ஊர்த் தட்டார்களுக்கு வேலை நிறைந்த வருடங்கள் அவை.

சென்னையில் அந்தக் காலத்தில் வேறு ஒரு வெள்ளி உருவாகிக்கொண்டிருந்தது. கடிகாரக்காரராக வந்த பீட்டர் ஆர், 1849இல் ஜார்ஜ் கார்டன் நிறுவனத்தை ஏற்று நடத்தத் தொடங்கினார். அதுதான் பி. ஆர் அண்ட் சன்ஸ். 1870களில் மவுண்ட் ரோட்டில் அவர்கள் எழுப்பிய கட்டடத்தை வரைந்தவர் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். அதன் மணிக்கூண்டு இன்றும் அண்ணா சாலையில் நிற்கிறது. கடிகாரம், நகை, நில அளவைக் கருவி எல்லாம் விற்ற அந்தக் கடையின் பின்னால் பட்டறை. பட்டறையில் தமிழ் ஆசாரிகள்.

அவர்கள் கையில் பிறந்ததுதான் உலகச் சந்தையில் 'சாமி வெள்ளி' என்று பெயர்வாங்கிய பாணி. பாத்திரத்தின் உருவம் ஆங்கிலேய வீட்டுக்குரியது: தேநீர்க் கெண்டி, பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், ஒயின் கூஜா, விருந்தினர் பெயரட்டை வைக்கும் பெட்டி. மேல் முழுக்கச் சாமி. மண்டபத் தூண்களுக்கு நடுவே மாடம் மாடமாக விஷ்ணு, சிவன், மயில்மேல் முருகன், வெண்ணெய்க் கண்ணன், தசாவதாரம். கைப்பிடியில் யாளி. கோயில் கோபுரத்திலும் மண்டபத் தூணிலும் கண்டு பழகிய உருவங்களை அந்த ஆசாரிகள் உள்ளங்கை அளவுத் தகட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நல்ல துண்டு ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சங்கின் சுழியும் மாலையின் ஒவ்வொரு மணியும் தெரியும். அச்சில் அடித்த வேலையில் இது வராது.

இதில் ஒரு முரண் உண்டு. வாய்வைத்துக் குடிக்கிற, எச்சில் படுகிற பாத்திரத்தில் தமிழ் வீடு சாமி உருவம் பொறிப்பதில்லை. சாமி இருக்குமிடம் பூசையறைத் தட்டும் விளக்கும்தான். தாமே ஒரு வாய் தண்ணீர் குடிக்கத் தயங்கியிருக்கக்கூடிய ஜாடியை அந்த ஆசாரிகள் இன்னொரு மதத்தாரின் மாலைத் தேநீருக்காகப் பொறுமையாகச் செதுக்கினார்கள். அந்தப் பொறுமையைக் கூலிக்குச் செய்த வேலை என்று மட்டும் சொல்லி ஒதுக்க மனம் வரவில்லை. வேலையில் தெரியும் பக்தி அப்படி.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு, சென்னைக்கு வந்தார். அந்த இந்தியப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த பரிசுகளில் பி. ஆர் அண்ட் சன்ஸின் சாமி வேலைத் தேநீர்ச் செட்டும் ஒன்று. பரிசுகள் லண்டனிலும், 1878இல் பாரிஸ் கண்காட்சியிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. சாமி வேலை நாகரிகமாயிற்று. இந்தியக் கைவினைகளைப் பற்றி 1880இல் பெரிய நூல் எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட், ஐரோப்பிய வடிவங்கள் இந்தியத் தொழிலைக் கெடுக்கின்றன என்று கவலைப்பட்டவர். அவர் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் வாங்க வருபவரின் மேசைக்கு ஏற்ப வடிவம் மாற்றுவது கெடுதல் என்றால், பாஸ்டனில் லண்டன் பாணியைப் பார்த்துக் கெண்டி அடித்த ஒவ்வொரு தட்டாரும் கெட்டவர்தான். சாமி வெள்ளியின் உயர்வு தாழ்வை அதன் கைவேலையை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

இளவரசர் ஊர் திரும்பிய அதே 1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் மக்கள் முதலில் விற்றது வீட்டு வெள்ளியை. பஞ்ச காலத்தைப் பதிவுசெய்த வில்லியம் டிக்பியின் 1878ஆம் ஆண்டு நூல், மக்கள் நகையும் பாத்திரமும் விற்றுச் சாப்பிட்டதைச் சொல்கிறது. பம்பாய் நாணயச்சாலைக்கு உருக்குவதற்காக மூட்டை மூட்டையாக வெள்ளி நகைகள் போய்ச் சேர்ந்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் விற்கும்போது விலை எங்கே நிற்கும்? பத்து ரூபாயை உருக்கிச் செய்த கொலுசு, பத்து ரூபாய் தானியத்தைக் கொண்டுவரவில்லை. அமெரிக்கப் போர் கொண்டுவந்து சேர்த்த வெள்ளியில் எவ்வளவோ, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் இப்படி வீட்டைவிட்டு வெளியேறியது. தென்தமிழ்நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வீட்டுப் பாத்திரங்கள் அரிதாகக் கிடைப்பதற்கு, பாத்திரமே சேமிப்பாக இருந்ததுதான் முதல் காரணம். சேமிப்பு செலவாகத்தானே செய்யும்.

உலக அளவிலும் வெள்ளி விழுந்துகொண்டிருந்தது. 1870களில் ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறியது. அமெரிக்காவின் நெவாடாச் சுரங்கங்கள் வெள்ளியைக் கொட்டின. ரூபாயின் வெளிமதிப்பு சரிந்தது. 1893 ஜூனில் அரசு நாணயச்சாலைகளைப் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடியது. அதற்குப் பின் ரூபாயின் முகமதிப்பு அதிலிருக்கும் வெள்ளியின் விலையைவிடக் கூடி நின்றது. ரூபாயை உருக்கினால் நட்டம். தட்டார் கட்டி வெள்ளி வாங்கத் தொடங்கினார். மாற்றை அவர் சொல்லித்தான் நம்ப வேண்டிய நிலை வந்தது. 1940இல் ரூபாயில் வெள்ளி பாதியாயிற்று. 1947இல் நிக்கல் ரூபாய் வந்தது. இதற்கிடையில் 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் அது தனி நிறுவனமாக வளர்ந்தது. புழங்குகிற பாத்திரத்தில் அலுமினியமும், பின்னால் எவர்சில்வரும் இடம்பிடிக்க, வெள்ளி சீருக்கும் பூசைக்கும் ஒதுங்கியது.

பி. ஆர் அண்ட் சன்ஸ் பின்னாளில் மதுரைக் கருமுத்து தியாகராசர் குடும்பத்தின் கைக்கு வந்தது. சாமி வெள்ளி லண்டன் ஏலக் கூடங்களிலும் வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் இருக்கிறது. பலவற்றின் அடியில் நிறுவனத்தின் பெயர் குத்தியிருக்கும். செதுக்கியவரின் பெயரைக் காண்பது அரிது.

இது அந்தக் காலத்து இந்தியாவின் பொது விதி என்று சொல்ல முடியாது. கட்ச் பகுதியின் புஜ் நகரில் ஊமர்சி மாவ்ஜி தம் பெயரின் முதலெழுத்துகளையும் ஊர்ப் பெயரையும் குத்தினார். இன்று அந்த முத்திரைக்கே தனி விலை. கல்கத்தாவின் பவானிப்பூரில் கிரிஷ் சந்திர தத்தாவும் தம் பெயரைப் பொறித்தார். பட்டறை யாருடையதோ அவர் பெயர் நின்றது என்பதே இதில் தெரிகிற உண்மை. பாஸ்டனிலும் அப்படித்தான். ரிவியர் சொந்தப் பட்டறைக்காரர், பெயர் நிலைத்தது. அவரிடம் கூலிக்கு அடித்தவர்களும் பழகுநர்களும் அவருடைய முத்திரைக்குள் மறைந்தார்கள். தெற்கே சார்ல்ஸ்டன் நகரில் வெள்ளிப் பட்டறைகளில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினக் கைவினைஞர்கள் வேலை செய்தது, அவர்களை விற்பதற்குக் கொடுத்த பழைய விளம்பரங்களிலிருந்தே தெரியவருகிறது. அவர்கள் அடித்த பாத்திரத்தில் எசமானரின் எழுத்து இருக்கிறது.

தமிழ் மரபு பெயரை மறைக்கிற மரபு என்றும் சொல்லிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, கோயிலைச் சமைத்த வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கோயில் பணியாளர் பட்டியலில் தச்சரும் கன்னாரும் தட்டாரும் தத்தம் பங்கோடு வருகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டத் தகுதியாயிருந்த பெயர், மவுண்ட் ரோட்டுப் பட்டறையில் கூலிக் கணக்கோடு நின்றுபோயிற்று.

1998இல் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் பேட்ரிஷியா கேனின் பெருநூல் ஒன்றை வெளியிட்டது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் வெள்ளி வேலையும் நகை வேலையும் செய்தவர்களைத் தேடித்தேடி, பிறப்பு, குரு, திருமணம், கடன், வழக்கு, எஞ்சியிருக்கும் பாத்திரங்கள் என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். தேவாலயப் பதிவும் நீதிமன்றப் பதிவும் உயிலும் அவருக்குக் கைகொடுத்தன. சென்னை ஆசாரிகளுக்கும் தேடினால் கிடைக்கக்கூடிய தடங்கள் உண்டு: எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் வருவாய்ப் பதிவுகள், கலைப்பள்ளியின் ஆண்டறிக்கைகள், கண்காட்சிப் பரிசுப் பட்டியல்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடும்பங்களின் நினைவு. தெற்கே எந்தப் பழைய ஊரிலும் ஆசாரிமார் தெரு இருக்கிறது. பாட்டன் பட்டணத்துக்குப் போய் வெள்ளைக்காரன் கடையில் வேலை பார்த்தார் என்று சொல்கிற வீடு ஒன்றாவது இருக்கக்கூடும். கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை ஒரு தலைமுறை தள்ளிப்போட்டால் அந்த நினைவு போய்விடும்.

வெள்ளித் தொழில் நின்றுவிடவில்லை. சேலம் செவ்வாய்பேட்டையைச் சுற்றிக் கொலுசுக் கண்ணிகளை இணைக்கும் வேலை வீட்டுக்கு வீடு நடக்கிறது. சொம்பும் விளக்கும் பெரும்பாலும் எந்திர அச்சில் பிறக்கின்றன. சாமி கவசம், வாகனத் தகடு போன்றவற்றில் கையுளி இன்னும் நிற்கிறது. வெள்ளிக்கு ஹால்மார்க் முத்திரை 2005இல் வந்தது. 2025 செப்டம்பர் முதல் அதில் ஆறு இலக்க அடையாளக் குறியும் சேர்ந்திருக்கிறது. ஒரு வெள்ளிச் சிமிழ் வாங்கி, அதன் குறியைக் கைபேசிச் செயலியில் தட்டினால் பொருளின் மாற்றும், நகைக்கடையின் பதிவும், சோதித்த மையமும் திரையில் வரும். செய்த ஆசாரிக்கு அந்தத் திரையில் இன்னும் ஒரு வரி ஒதுக்கப்படவில்லை.